டெல்டா சாலைகளும் நடைபாதைகளும்: மழைக்கு முன் எழுத்தாகக் கேட்க வேண்டியவை

அரசலாற்றங்கரை, கும்பகோணம்

நம் பகுதியின் சாலைகள், நடைபாதைகள் பற்றிக் குடியிருப்போர் சொல்ல விரும்புவதைத் திரட்டி, நகரத்துக்குள் பகுதி சபைக் கூட்டத்திலும் சுற்றியுள்ள ஊர்களில் கிராம சபையிலும் எழுத்தாகக் கொடுக்கலாம் என்று சிலர் கூடி முடிவு செய்திருக்கிறோம். அதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் உள்ளவர்களும் எழுத வேண்டுகிறேன். மண்ணும் மழையும் ஆறும் இந்த நான்கு மாவட்டங்களுக்கும் பொது.

என் கருத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் நாம் கொடுக்கும் மனுவில் "குண்டும் குழியுமான சாலையைச் சீரமைத்துத் தர வேண்டும்" என்ற ஒரே கோரிக்கைதான் இருக்கிறது. அதற்குக் கிடைக்கும் பதிலும் ஒன்றேதான்: குழியில் ஜல்லியும் தாரும் நிரப்புகிறார்கள், அடுத்த ஐப்பசி மழையில் அதே இடம் மீண்டும் பெயர்கிறது. குழி விழும் இடங்களை மழை பெய்துகொண்டிருக்கும்போதே போய்ப் பார்த்தால் காரணம் விளங்கும். ஓர வடிகால் தூர்ந்திருக்கும், அல்லது வடிகால் இருந்தும் சாலையிலிருந்து அதற்குள் தண்ணீர் இறங்கும் வாய் அடைபட்டிருக்கும், அல்லது யாரோ வாசலுக்கு மேடை கட்டி நீரின் வழியை மறித்திருப்பார்கள். ஆகவே இந்த முறை தாரைக் கேட்பதற்கு முன் வடிகாலைக் கேட்போம் என்பது என் முன்மொழிவு. நடைபாதைக்கும் இது பொருந்தும், ஏனென்றால் நம் ஊர்களில் நடைபாதை என்று இருப்பது பெரும்பாலும் வடிகாலின் மேல் மூடிய சிலாப்தான்.

இப்போதே கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2016 பிப்ரவரி 22 அன்று நடந்த மகாமகத்துக்கு அடுத்தது 2028-இல் வருகிறது. பெருவிழாவை ஒட்டிச் சாலைப் பணிகள் பல இங்கே நடக்கும் என்பது எல்லாரும் அறிந்ததே. மதிப்பீடு தயாரான பிறகு நாம் என்ன சொன்னாலும் அது புகாராகத்தான் பதிவாகும். மதிப்பீடு எழுதும் முன்பே சொன்னால்தான் அது கருத்தாகக் கணக்கில் வரும்.

ஓய்வுபெற்ற சாலை ஆய்வாளர், தஞ்சாவூர்

ஐயா சொன்ன அடிப்படையை முழுமையாக ஏற்கிறேன். பணிக்காலம் முழுவதும் டெல்டாச் சாலைகளிலேயே நின்றவன் என்ற முறையில் சில விவரங்களைச் சேர்க்கிறேன். மனுவில் இவற்றைச் சரியான சொற்களில் எழுதினால் அலுவலகத்தில் தட்டிக்கழிப்பது கடினம்.

நம் மண் பெரும்பாலும் களி. மழையில் ஊறி உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கி வெடிக்கும். அந்த வெடிப்பு தார்ப்பரப்பு வரை ஏறி நிற்க, அடுத்த மழையின் நீர் அதே வெடிப்பு வழியாக அடித்தளத்துக்கு இறங்குகிறது. ஊறிய களி தன் தாங்குதிறனை இழந்துவிடுவதால்தான், சாலை வடிவமைப்புக்கு முன் அடிமண்ணை 4 நாள் தண்ணீரில் ஊறவைத்த பிறகு அதன் வலுவைச் சோதிக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நிலத்தடி நீர் மேலே நிற்கும் பகுதிகளில், சாலையின் அடிமண் படுகை உயர்ந்த நீர்மட்டத்துக்குக் குறைந்தது 0.6 மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்பதும் வழிகாட்டி நெறி. ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் அமைந்த நம் ஊரகச் சாலைகளில் எத்தனை இடங்களில் இந்த இடைவெளி இருக்கிறது என்று ஒவ்வொருவரும் தம் ஊரில் பார்த்துக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, இங்கே கருங்கல் இல்லை. ஜல்லி முழுவதும் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து லாரியில் வர வேண்டியிருப்பதால் செலவு கூடுகிறது. செலவைச் சரிக்கட்ட அடுக்கின் கனத்தைக் குறைக்கும் ஆசையும் அங்கேதான் தோன்றுகிறது.

இனிப் பராமரிப்புக்கு வருகிறேன். தார்ச்சாலை நடுவில் உயர்ந்தும் இரு ஓரமும் சரிந்தும் இருக்க வேண்டும். மெல்லிய தார்ப்பரப்புக்கு 2 முதல் 2.5 விழுக்காடு, அதாவது ஒரு மீட்டர் அகலத்துக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் சாய்வு தேவை. இந்தச் சாய்வு இருந்தும் நீர் தேங்கினால், தாருக்கு வெளியே உள்ள மண் ஓரத்தை, நாங்கள் பெர்ம் என்று சொல்வதை, பார்க்க வேண்டும். புல் முளைத்து, மண் சேர்ந்து, பெர்ம் தாரைவிட உயர்ந்துவிட்டால் ஓடி வந்த நீர் தாரின் விளிம்பிலேயே நின்றுவிடும். விளிம்பு முதலில் அரிக்கப்படும். பிறகு சாலை ஓரத்திலிருந்து உள்நோக்கித் தின்னப்படும். முன்பெல்லாம் மழைக்கு முன் சாலைப் பணியாளர்கள் மண்வெட்டியோடு இறங்கிப் பெர்மைச் சீவி, இடைவெளி விட்டு நீர்வெட்டு எடுத்துவிடுவார்கள். மண்வெட்டியும் ஆளும் இருந்தால் போதுமான வேலை அது. 1997-இல் தமிழகம் முழுவதும் சுமார் 10,000 சாலைப் பணியாளர்கள் நியமிக்கப்பட்டனர், 2002-இல் நீக்கப்பட்டனர், 2006-இல் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அவர்கள் இல்லாத அந்த இடைக்காலத்தில் ஓரங்கள் என்ன ஆயின என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஓய்வுபெறுவோரின் இடங்களை நிரப்பச் சொல்லிக் கேட்பதும் சாலைப் பராமரிப்புக் கோரிக்கைதான்.

குழி அடைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. குழியின் ஓரங்களைச் செங்குத்தாகச் சதுரமாக வெட்டி, தூசியும் ஈரமும் நீக்கி, உள்ளே தார்ப்பால் பூசி, அதன் பிறகு கலவையை நிரப்பி அழுத்த வேண்டும். நீர் நிற்கும் குழிக்குள் ஜல்லியைக் கொட்டி மேலே தார் தெளிப்பது அடுத்த பேருந்து வரைக்கும்தான் தாங்கும். மழைக்காலத்தில் செய்தே ஆக வேண்டுமென்றால் அதற்கென எமல்ஷன், அதாவது நீரில் கரைத்த தார், கலந்த குளிர்கலவை இருக்கிறது. எந்தக் கலவை, எந்த மாதம் என்பதையும் மனுவில் கேளுங்கள்.

வெண்ணாற்றுப் பாசனத்தான், நீடாமங்கலம் அருகில்

நகரத்தார் சாலையில் நிற்கும் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறீர்கள். சாலை மறித்து வயலில் நிற்கும் தண்ணீரையும் இந்த மனுவில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஊராட்சிச் சாலை ஒவ்வொரு முறை போடப்படும்போதும் கொஞ்சம் உயர்கிறது. இன்று அது வயல்களுக்குக் குறுக்கே ஒரு கரையாகவே நிற்கிறது. கரையின் ஒரு பக்கம் பெய்த மழை மறுபக்கத்து வடிகாலுக்குப் போக இருக்கும் ஒரே வழி, சாலைக்கு அடியில் பதித்த குழாய்தான். அந்தக் குழாய் ஒன்று சிறியதாக இருக்கிறது, அல்லது வாய்க்கால் தரையைவிட உயரத்தில் பதிந்திருக்கிறது. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதற்கு முன் வாய்க்காலைத் தூர்வாருகிறார்கள், நல்லது. ஆனால் வாய்க்கால் ஆழமாகிறது, குழாயின் அடிமட்டம் பழைய இடத்திலேயே இருக்கிறது. அதனால் தூர்வாரிய வாய்க்காலிலும் குழாய்க்கு மேற்புறம் தண்ணீர் தங்கி, சம்பா நாற்று நடவான சில வாரங்களிலேயே மூழ்குகிறது. மூழ்கிய வயலைக் காப்பாற்ற வேறு வழியின்றிச் சாலையை வெட்டிவிட்டவர்கள் உண்டு. அதற்காக அவர்கள் மேல் கோபப்படுவதற்கு முன், சரியான அளவில் ஒரு சிறுபாலம் அங்கே கட்டியிருந்தால் சாலையும் பயிரும் இரண்டுமே பிழைத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தூர்வாரிய மண் எங்கே போகிறது என்பதும் கேட்கப்பட வேண்டியதுதான். ஆற்றுக்கரையிலேயே கொட்டுகிறார்கள். அந்தக் கரைதான் பல ஊர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் வழி. ஒரு மழை பெய்தால் கொட்டிய களி கால் வைக்க முடியாத சேறாகிறது, சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் பிள்ளைகள் நடக்கிறார்கள். கரை நீர்வளத் துறையிடமும் அதன் மேலுள்ள சாலை ஒன்றியத்திடமும் இருந்தால், மண்ணை அள்ளிச் சமன்படுத்தும் வேலை இருவர் கணக்கிலும் வருவதில்லை. தூர்வாரும் மதிப்பீட்டிலேயே, எடுத்த மண்ணை அகற்றி நடைவழியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவையும் சேர்க்க வேண்டும் என்று எழுதுங்கள்.

எங்கள் பக்கத்துத் தவறையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சேற்று உழவுக்கு மாட்டும் கேஜ் வீலோடு டிராக்டரைத் தார்ச்சாலையில் ஓட்டுவதால் பரப்பு கொத்திப்போகிறது. வயலிலிருந்து ஏறும் இடத்திலேயே சக்கரத்தை மாற்ற வேண்டும், அல்லது டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். இதை ஊர்க்கூட்டத்தில் நாங்களே முடிவாக எடுக்கத் தயாராக இருக்கிறோம்.

மயிலாடுதுறை மகள்

நடைபாதையைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் என் தாயாரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறவள் நான்.

வடிகாலின் மேல் சிலாப் போட்டு அதையே நடைபாதை என்று கணக்குக் காட்டுவதில் எனக்கு அடிப்படையிலேயே மறுப்பு இல்லை. இடம் குறைந்த நம் வீதிகளில் அது ஒன்றே சாத்தியமாக இருக்கலாம். ஆனால் வடிகால் மூடிக்கும் மனிதர் நடக்கும் தளத்துக்கும் வேறு வேறு தேவைகள் உண்டு. மூடியை அடைப்பெடுக்கத் தூக்கி வைக்க வேண்டும். நடைதளமோ தொடர்ந்து சமமாக இருக்க வேண்டும். இப்போது நடப்பது என்னவென்றால், அடைப்பெடுக்கத் தூக்கிய சிலாப் ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டு அப்படியே விடப்படுகிறது, அல்லது தூக்கும்போது உடைகிறது. மழைநீர் கணுக்கால் அளவு ஓடும் இரவில் அந்தத் திறப்பு எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது. சாலைக் குழி வண்டியைக் கவிழ்க்கும். திறந்த வடிகால் நடந்து வருகிறவரை விழுங்கும். இரண்டில் பின்னதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்திய சாலைகள் காங்கிரஸ் அமைப்பின் பாதசாரி வசதிகளுக்கான நெறிமுறையில், தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்றும், நடைபாதையின் ஓரக்கல் 150 மில்லிமீட்டரைவிட உயரக் கூடாது என்றும் இருக்கிறது. எங்கள் தெருக்களில் ஓரிடத்தில் படி ஏறும் உயரத்துக்கு நடைபாதை இருக்கிறது, அடுத்த வீட்டு வாசலில் வண்டி ஏற்றும் சாய்தளத்துக்காகத் தரைமட்டத்துக்கு இறங்குகிறது, அதற்கடுத்து மின்மாற்றி வேலி வந்து மறிக்கிறது. நாற்காலிக்காரரை விடுங்கள், முழங்கால் வலியுள்ள எந்தப் பெரியவரும் இப்படி ஏறி இறங்கி நடக்க மாட்டார், வீதியில் இறங்கிப் பேருந்தோடு பேருந்தாகத்தான் நடப்பார். அப்படி நடப்பவரைப் பார்த்து, "நடைபாதை போட்டும் யாரும் பயன்படுத்துவதில்லை" என்ற முடிவுக்கு வருவது மிகவும் தவறானது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறியிருக்கிறது. ஆகவே சலுகை கேட்கும் குரலில் மனு எழுத வேண்டியதில்லை. பளபளப்பான ஓடு பதிக்க வேண்டாம் என்றும் எழுதுங்கள். மழையில் அதில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள் எத்தனை குடும்பங்களில் இருக்கிறார்கள் என்பதை அவரவரே அறிவர். சொரசொரப்பான கான்கிரீட் தளமே போதும்.

கீழவீதிக் கடைக்காரர், திருவாரூர்

நடைபாதை என்று பேச்சு எழுந்தவுடன் அடுத்த வரியில் "ஆக்கிரமிப்பை அகற்று" என்று வந்துவிடும் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன். பூ, கீரை, பழம் விற்கும் பெண்கள் வீதியோரத்தில் உட்கார்ந்திருப்பதால்தான் கோயிலுக்கும் பேருந்து நிலையத்துக்கும் போகிறவர்கள் நடந்தபடியே வாங்கிக்கொள்கிறார்கள். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு அமைத்து, கணக்கெடுத்து, விற்பனைக்கான இடங்களைக் குறித்துத் தர வேண்டும். குறித்துக் கொடுத்தால் கோட்டுக்கு உள்ளே உட்காருவார்கள். நடைபாதையை உண்மையில் மறிப்பது நாள் முழுதும் நிற்கும் இருசக்கர வாகனங்களும், நிரந்தரக் கடைகள் வெளியே நீட்டியிருக்கும் கொட்டகைகளும்தான். கடை வைத்திருக்கும் நானே இதைச் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஊரில் ஆழித்தேர் ஓடும் வீதிகளைத் தேரோட்டத்துக்கு முன் எவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள் என்பது அனைவருக்கும் தெரியும். அத்தனை பெரிய தேர் அழுந்தாமல் போக வேண்டுமென்பதால் தளத்தின் உறுதியையும், அடியில் போகும் குழாயையும், சிலாப்பையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார்கள். ஆக, செய்யத் தெரியாத வேலை எதுவும் இல்லை. தேர் வராத சந்துகளுக்கும் ஆண்டுக்கு ஒரு முறை, புரட்டாசிக்குள், அதே சோதனையை நடத்த வேண்டும் என்று கேட்க நமக்கு நியாயம் இருக்கிறது.

அரசலாற்றங்கரை, கும்பகோணம்

வீடுகள் தாழ்ந்துபோவது பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே அடுக்கு அடுக்காகப் போட்டதால், எங்கள் தெருவில் திண்ணை இருந்த வீடுகளுக்கு இன்று திண்ணையும் இல்லை, படியும் இல்லை. தெரு நீர் நேரே முற்றத்துக்குள் வருகிறது. பழைய பரப்பைச் சுரண்டிவிட்டு அதே மட்டத்தில் புதிய சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தியிருந்தார். அதை மேற்கோள் காட்டி, ஒவ்வொரு தெருவிலும் பணிக்கு முன்னும் பின்னும் சாலைமட்டத்தை அளந்து அறிவிக்க வேண்டும் என்று சேர்க்கலாமா?

ஓய்வுபெற்ற சாலை ஆய்வாளர், தஞ்சாவூர்

சேர்க்க வேண்டும். ஆனால் ஊருக்குள்ளும் வெளியிலும் ஒரே விதியைக் கேட்காதீர்கள். வீடுகள் நெருங்கிய தெருவில் சுரண்டித்தான் போட வேண்டும், மட்டம் ஒரு சென்டிமீட்டர்கூட உயரக் கூடாது. வயலுக்கு நடுவே வெள்ளம் ஏறும் தாழ்ந்த சாலையை உயர்த்துவதில் தவறில்லை. நான் முன்பு சொன்ன 0.6 மீட்டர் இடைவெளி வேண்டுமானால் உயர்த்தியே ஆக வேண்டும். உயர்த்தும் ஒவ்வொரு இடத்திலும் நீடாமங்கலத்து ஐயா கேட்ட சிறுபாலமும் சேர்ந்தே வர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சிறுபாலத்தின் அடிமட்டம், தூர்வாரிய வாய்க்காலின் தரைமட்டத்தை ஒட்டி நிர்ணயிக்கப்பட வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். "சிறுபாலம் அமைக்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால் மீண்டும் ஒரு குழாயை உயரத்தில் பதித்துவிட்டுக் கோரிக்கை நிறைவேறியதாகக் கோப்பை முடித்துவிடுவார்கள்.

கடற்கரைச் சாலையோரம், நாகப்பட்டினம்

ஊருக்கு வெளியே நடப்பவர்களை இந்த இழை மறந்துவிடக் கூடாது. ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணியில் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவுக்குக் காவி உடுத்திப் பல மாவட்டங்களிலிருந்து மக்கள் நடந்தே வருகிறார்கள். வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலும் இரவிலும் விடியலிலும்தான் நடக்கிறார்கள். தஞ்சாவூர்ச் சாலையிலும் கடற்கரைச் சாலையிலும் அவர்களுக்கு இருக்கும் ஒரே இடம் மண் ஓரம். அந்த ஓரத்தில் கருவேல முள் மண்டியிருந்தால் அல்லது தாருக்கும் மண்ணுக்கும் இடையே அரை அடி பள்ளம் இருந்தால் அவர்கள் தாரின் மேல்தான் நடக்க வேண்டும், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும். நாகூர்க் கந்தூரிக்கு வருகிறவர்களுக்கும், சித்திரையில் சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்களுக்கும் இதே நிலைதான். சாலை ஆய்வாளர் ஐயா சொன்ன பெர்ம் சீவும் வேலையை ஆகஸ்ட் நடுவிலேயே முடித்தால் நடைபயணிகளுக்கும் ஆகும், வடகிழக்குப் பருவமழைக்கும் ஆகும். இரண்டுக்கும் தனித்தனியே செலவு செய்யத் தேவையில்லை.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, விழுந்த மரங்களால் உட்சாலைகள் அடைபட்டு ஊர்கள் துண்டிக்கப்பட்டன. சாலையோர மரங்களின் பட்ட கிளைகளை மழைக்கு முன் கழித்துவிடுவதும் பராமரிப்புப் பட்டியலில் வர வேண்டும். மரத்தையே வெட்டிவிட்டுச் சாலையை அகலப்படுத்துவதை நான் ஏற்கவில்லை. நிழல் இல்லாத சாலையில் யாரும் நடக்க முடியாது.

முன்னாள் வார்டு உறுப்பினர், பாபநாசம் வட்டம்

நல்ல கருத்துகள் வருகின்றன. ஆனால் இவை யார் மேசைக்குப் போக வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்தாவிட்டால் பயனில்லை என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை ஆகியவை நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. ஒன்றியச் சாலையும் ஊராட்சிச் சாலையும் ஊரக உள்ளாட்சியிடம் இருக்கின்றன. தேசிய நெடுஞ்சாலை வேறு கணக்கு. 2023-இல் வந்த "நம்ம சாலை" செயலி நெடுஞ்சாலைத் துறையின் சாலைகளுக்கு மட்டுமே. மாநில நெடுஞ்சாலையின் குழியை 24 மணி நேரத்திலும் மாவட்டச் சாலையின் குழியை 72 மணி நேரத்திலும் அடைப்பதாக அதில் இலக்கு வைத்திருக்கிறார்கள். ஊராட்சிச் சாலையின் படத்தை அதில் ஏற்றிவிட்டுப் பதில் வரவில்லை என்று வருந்துகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்தச் சாலைகளுக்கு ஒன்றிய அலுவலகத்தில் எழுத்து மனுவும், 1100 எண்ணில் பதிவும்தான் வழி.

ஆகவே மனுவின் முதல் கோரிக்கையாக, நம் எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு சாலையும் யாருடைய பொறுப்பு, கடைசியாக எந்த ஆண்டு போடப்பட்டது, ஒப்பந்தக்காரரின் பராமரிப்புக் காலம் எப்போது முடிகிறது என்ற பட்டியலைப் பொது இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலை என்றால் ஒப்பந்தக்காரரே 5 ஆண்டு பராமரிக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் ஊராட்சிப் பணத்தில் அதே சாலைக்கு ஒட்டுப் போடுவது ஊரின் பணத்தை வீணாக்குவது. செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். எத்தனை மில்லிமீட்டர் கனம் போட்டதாக எழுதியிருக்கிறது என்பதை அதில் பார்த்துவிட்டு, சாலையின் ஓரத்தில் அளந்து ஒப்பிடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்படி சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு, தரக்குறைவான சாலை அமைப்பாலும் பராமரிப்பாலும் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது என்பதையும் குறிப்பிடுங்கள்.

எங்கள் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தபோது, ஒன்றைக் கண்டேன். உறுப்பினரிடம் வாய்மொழியாகச் சொல்லி நடந்துவந்த சிறு வேலைகள் அத்தனையும் நின்றுபோயின. எழுத்தாகக் கொடுத்து ஒப்புகை பெற்றவை மட்டும் ஏதோ ஒரு வேகத்தில் நகர்ந்தன. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறாத கருத்தைச் சொல்லாத கருத்தாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

இறுதியாக, சாலையில் நெல் காயவைப்பதைத் தடைசெய்யக் கோரும் வரியையும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். இரவில் நெற்குவியல் மீதும் அதைச் சுற்றி வைத்த கற்கள் மீதும் மோதி விழுகிறவர்கள் உண்டு.

வெண்ணாற்றுப் பாசனத்தான், நீடாமங்கலம் அருகில்

அந்த வரியை அப்படியே சேர்ப்பதை மறுக்கிறேன், ஐயா. கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை எடுப்பதில்லை. குறுவை அறுவடை மழையோடு மழையாக வருகிறது. ஊரில் களம் இல்லாதவன் தார்ச்சாலையை விட்டால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவான்? தளர்வு கேட்டு நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் மன்றாடுவது இந்த ஈரத்துக்காகத்தான். ஒவ்வொரு கொள்முதல் நிலையத்தின் அருகிலும் சிமென்ட் உலர்களம் அமைத்துத் தர வேண்டும் என்று கேளுங்கள், களம் வந்த ஊரில் சாலையில் கொட்டுவதை நாங்களே தடுப்போம். அதுவரை பகலில் சாலையின் ஒரு பாதியில் மட்டும் காயவைத்து, இருட்டும் முன் கல்லையும் நெல்லையும் அகற்றுவது என்று ஊர்க்கட்டுப்பாடு செய்துகொள்ளலாம்.

முன்னாள் வார்டு உறுப்பினர், பாபநாசம் வட்டம்

நியாயம். தடை என்ற சொல்லை எடுத்துவிட்டு, உலர்களம் என்பதையே கோரிக்கையாக வைப்போம்.

அரசலாற்றங்கரை, கும்பகோணம்

இதுவரை வந்தவற்றை வைத்து வரைவின் முதல் பகுதியை எழுதியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

"எங்கள் பகுதியின் சாலைகளில் மழைநீர் தேங்கும் இடங்களை, மழை பெய்யும் நாளிலேயே பொறியாளரும் குடியிருப்போரும் சேர்ந்து நடந்து பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். பதிவான ஒவ்வோர் இடத்திலும் வடிகால், பெர்ம், சிறுபாலம் ஆகியவற்றைச் சரிசெய்யும் பணி, தார்ப்பணிக்கு முன்னதாக முடிக்கப்பட வேண்டும். திறந்தும் உடைந்தும் கிடக்கும் வடிகால் மூடிகள் அனைத்தும் செப்டம்பர் இறுதிக்குள் மாற்றப்பட வேண்டும். அடைப்பெடுக்கத் தூக்கிய மூடியை அன்றைய பொழுது சாய்வதற்குள் திரும்பப் பொருத்துவது பணியை எடுத்தவரின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். குடியிருப்புத் தெருக்களில் பழைய பரப்பைச் சுரண்டிய பின்னரே புதிய பரப்பு இடப்பட வேண்டும்."

மயிலாடுதுறை மகள்

ஒரு திருத்தம் வேண்டுகிறேன். சேர்ந்து நடந்து பார்க்கும் குழுவில் பார்வையற்ற ஒருவரும், சக்கர நாற்காலியில் வரும் ஒருவரும், தெருவில் விற்பனை செய்யும் ஒருவரும் இருக்க வேண்டும் என்று சேருங்கள். என் தாயார் வரச் சம்மதித்திருக்கிறார்.

ஓய்வுபெற்ற சாலை ஆய்வாளர், தஞ்சாவூர்

"தார்ப்பணிக்கு முன்னதாக" என்பதோடு மாதத்தையும் எழுதிவிடுங்கள். வடிகால், சிறுபால வேலைகள் சம்பா அறுவடை முடிந்து வாய்க்காலில் நீர்வரத்து நின்ற பிறகு, பிப்ரவரியிலிருந்து மே இறுதிக்குள் மட்டுமே இங்கே சரியாகச் செய்ய முடியும். ஜூனில் தண்ணீர் வந்துவிட்டால் அடித்தளம் தோண்டவே இயலாது. தார்ப்பணி அதன் பின் ஆகஸ்ட் வரை நடக்கலாம். மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்காக அவசரமாகத் தாரை முதலில் போட்டுவிட்டு, ஏப்ரலில் அதே சாலையைக் குழாய்க்காக வெட்டும் வழக்கத்தை இந்த ஒரு வரி தடுக்கும். மட்டம் அளப்பதற்கு என்னிடம் பழைய லெவல் கருவி இருக்கிறது. கும்பகோணத்தில் எந்தத் தெருவில் தொடங்குகிறீர்கள் என்று சொன்னால் எடுத்துக்கொண்டு வருகிறேன்.